வலி இல்லாத நாட்களின் வைத்தியம்

பிள்ளைகளே, துன்பம் வந்தால் தாங்கிக்கொள்வதற்கு நம் ஜனங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அரசு மருத்துவமனைகளில் செவிலியராக நான் கழித்த காலத்தில் பெரும்பகுதி சிறுநீரகப் பிரிவிலும் டயாலிசிஸ் அறையிலும்தான் போயிற்று. வாரத்துக்கு இரண்டு முறை, மூன்று முறை வருவார்கள். கையில் இரண்டு தடித்த ஊசிகளோடு நாலு மணி நேரம் அசையாமல் படுத்திருப்பார்கள். விடியும் முன்னே முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர்கள், முடிந்ததும் தளர்ந்த காலோடு அதே பஸ்ஸைப் பிடித்துப் போவார்கள். முகம் சுளித்தவர்கள் குறைவு. அந்தப் பொறுமைக்கு முன்னால் நான் பலமுறை தலை குனிந்திருக்கிறேன்.

ஆனால் பொறுமையில் இன்னொரு வகை உண்டு. ஒரு வலியும் இல்லாத நாளில், பசி நன்றாக எடுத்து, தூக்கம் நன்றாக வந்து, வேலை தடையில்லாமல் நடக்கிற நாளில், மறக்காமல் ஒரு மாத்திரையை விழுங்குவது. ஒன்றும் தெரியாத உடம்பை ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனைக்குக் கொண்டுபோய் நிறுத்துவது. பத்து ஆண்டானாலும் சலிக்காமல் அதைச் செய்வது. இந்தப் பொறுமையைத்தான் நான் குறைவாகப் பார்த்தேன். இது இருந்த வீடுகளில் முதல் வகைப் பொறுமைக்குப் பெரும்பாலும் தேவை வரவில்லை. நான் உங்களிடம் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் அதற்கான காரணங்கள்.

நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் தெரிவித்தது. சர்க்கரை உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது. இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மூன்றில் இரண்டு பேர் தப்பிக்கிறார்கள் என்பதும் அதே கணக்குத்தான். அந்த இரண்டு பேரில் ஒருவராக இருப்பது எல்லோருக்கும் முழுதாகக் கையில் இல்லை. பரம்பரைக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் நம் கையில் இருக்கும் பங்கு சிறிதல்ல.

அரசுப் பேருந்து ஓட்டுநர் ஒருவரை எனக்கு நினைவிருக்கிறது. பல ஆண்டுகளாக இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவர். ஒருநாள் பால்கோவா பொட்டலத்தோடு வந்தார். "சிஸ்டர், எனக்கு சுகர் போயிருச்சு. ஊசியைப் பாதியாக் குறைச்சும் சுகர் இறங்கிக்கிட்டே இருக்கு. இப்ப ஊசியே வேண்டாம்னு நிறுத்திட்டேன்" என்றார். யாரோ சொன்ன வேர்ப்பொடி வேலை செய்துவிட்டது என்பது அவருடைய நம்பிக்கை. நான் அவர் காலைப் பார்த்தேன். செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாக நின்றது. கண்ணுக்குக் கீழேயும் வீக்கம். ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 6ஐத் தாண்டியிருந்தது. ஆரோக்கியமானவர்களுக்கு அது 1ஐ ஒட்டித்தான் இருக்கும்.

நடந்தது இதுதான். நாம் போடும் இன்சுலினில் ஒரு பங்கைச் சிதைத்து வெளியேற்றுவது சிறுநீரகம். அது செயலிழக்கும்போது இன்சுலின் உடம்பில் நெடுநேரம் தங்குகிறது. அதனால் சர்க்கரை தானாகக் குறைவதுபோல் தெரிகிறது. நோய் முற்றியதன் அடையாளத்தை அவர் நோய் விட்டதன் அடையாளமாக எடுத்துக்கொண்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சர்க்கரை அளவு ஒன்றையே பார்க்கச் சொல்லிப் பழக்கிவிட்டோம். அவரும் அதையேதான் பார்த்தார். ஆண்டுக்கணக்கில் சர்க்கரை நோய் உள்ளவருக்குக் காரணமில்லாமல் மருந்தின் தேவை குறைந்தால், இனிப்பு வாங்கும் முன் கிரியேட்டினின் பார்க்க வேண்டும். இதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிவையுங்கள்.

சிறுநீரகத்தின் குணத்தைப் புரிந்துகொண்டால் இந்த நோயின் வஞ்சகம் விளங்கும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் நெஃப்ரான்கள் என்ற நுண்ணிய வடிப்பான்கள் உண்டு. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடித்து, வேண்டியதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்றரை இரண்டு லிட்டரை மட்டும் வெளியே விடுகின்றன. ரத்தத்தில் சர்க்கரை ஏறியே இருந்தால் அந்த வடிப்பு முடிச்சுகளுக்குள் அழுத்தம் கூடுகிறது. முதலில் அவை வழக்கத்தைவிட அதிகமாகவே வடிக்கும். சில நெஃப்ரான்கள் தழும்பேறிச் சாகும்போது மிச்சமுள்ளவை அவற்றின் பாரத்தையும் சேர்த்துத் தூக்கும். வீட்டுக் கஷ்டத்தையெல்லாம் தன் தலையில் போட்டுக்கொண்டு வாய் திறக்காத மூத்த மகளைப்போல அது. அவள் ஒன்றும் சொல்லவில்லை என்பதால் அவளுக்கு ஒன்றுமில்லை என்று வீடு நினைத்துக்கொள்கிறது. கிரியேட்டினின் உயரத் தொடங்கும்போது சிறுநீரகத்தின் திறனில் ஏறக்குறைய பாதி போயிருக்கும்.

அதற்கு முன்பே ஒரு செய்தி வருகிறது. ரத்தத்திலேயே தங்கவேண்டிய ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியத் தொடங்குகிறது. நான் வேலையில் சேர்ந்த காலத்தில் இதை வார்டிலேயே பார்ப்போம். சோதனைக் குழாயில் சிறுநீரை ஊற்றி, ஸ்பிரிட் விளக்கில் மேல்பாகத்தை மட்டும் காட்டுவோம். மேலே வெண்மையாகக் கலங்கினால் இரண்டு சொட்டு அசிட்டிக் அமிலம் விடுவோம். கலங்கல் தெளியாமல் நின்றால் புரதம். சர்க்கரைக்குப் பெனடிக்ட் கரைசல். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறம் வரை போகும். அந்தச் செங்கல் நிறத்தைப் பார்த்து ஆடிப்போன புது நர்சுகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அனுபவப்பட்ட டாக்டர்கள் முகம் வாடியது அந்த வெள்ளைக் கலங்கலைப் பார்த்துத்தான்.

இப்போது அதைவிட நுட்பமான பரிசோதனை வந்துவிட்டது. கலங்கல் தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே கசிவைக் கண்டுபிடிக்கிறது. யூரின் ஏசிஆர் என்று லேபில் கேளுங்கள். சிறுநீரில் ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு எத்தனை மில்லிகிராம் ஆல்புமின் என்ற கணக்கு அது. 30க்குக் கீழே இருந்தால் நல்லது. 30 முதல் 300 வரை என்றால் கசிவு தொடங்கிவிட்டது. 300க்கு மேல் என்றால் பாதிப்பு ஆழமாகிவிட்டது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடற்பயிற்சி இருந்தாலும் எண் ஏறும்; அதனால் ஒருமுறை பார்த்து முடிவுக்கு வராமல் மூன்று மாதங்களுக்குள் திரும்பவும் பார்ப்பார்கள். இதோடு ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்து, அதிலிருந்து சிறுநீரகத்தின் வடிக்கும் திறனைக் காட்டும் இஜிஎஃப்ஆர் கணக்கிடுவார்கள். அது மூன்று மாதத்துக்கு மேல் 60க்குக் கீழேயே நின்றால் நாட்பட்ட சிறுநீரக நோய். 15க்குக் கீழே போனால் செயலிழப்பு. நடுவயதில் வரும் சர்க்கரை நோய்க்குக் கண்டுபிடித்த அன்றே இந்த இரண்டையும் பார்க்க வேண்டும், பிறகு ஆண்டுதோறும். அந்த நோய் வெளியே தெரியும் முன்பே உடம்பில் சில ஆண்டுகள் குடியிருந்திருக்கும் என்பதே காரணம்.

இதற்கெல்லாம் பெரிய ஆஸ்பத்திரி வேண்டும் என்று நினைக்காதீர்கள். சிறுநீரக மருத்துவர் டாக்டர் எம்.கே. மணி, சென்னைக்கு அருகே உள்ள கிராமங்களில் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலம் ஒரு வேலையைச் செய்து காட்டினார். பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். நான் மேலே சொன்னதைப்போன்ற எளிய ரசாயனங்களைக் கொண்டே சிறுநீரைச் சோதித்தார்கள். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தவர்களுக்கு விலை மலிவான பழைய மாத்திரைகளே கொடுக்கப்பட்டன. தலைக்குச் சில ரூபாய் செலவில் ஒரு ஊரின் சிறுநீரகங்களைக் காக்க முடியும் என்பது அவர் உலகத்துக்குச் சொன்ன செய்தி. வாழ்நாளெல்லாம் டயாலிசிஸும் மாற்று அறுவையும் பார்த்த ஒருவர், அந்தக் கட்டத்துக்கு வராமல் தடுக்கும் வேலைக்குத் திரும்பியதை நான் பெரிதாக மதிக்கிறேன். 2021இல் நம் மாநிலத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. வாசலுக்கு வந்ததை வாய்க்குக் கொண்டுபோவது மட்டும் நம் பொறுப்பு.

மருந்துகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த நோய்க்கு ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிரித்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவள் நான். அதனால் மாற்றத்தின் அளவு எனக்குத் தெரியும். பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சை ஆராய்ந்ததிலிருந்து பிறந்த கேப்டோபிரில் என்ற ரத்த அழுத்த மாத்திரை, சிறுநீரகத்துக்குள் இருக்கும் அழுத்தத்தையும் குறைக்கிறது என்று தெரியவந்தது. 1993இல் வெளியான ஆய்வில், அதை எடுத்தவர்களுக்குச் சிறுநீரகம் கெடும் அபாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 2001இல் லோசார்டானும் இர்பிசார்டானும் அதேபோல் பலன் காட்டின. 2019க்குப் பிறகு கானாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகள் சிறுநீரகத்தையும் இதயத்தையும் சேர்த்துக் காப்பது உறுதியானது. பிறகு ஃபினெரனோன் வந்தது; 2024இல் செமாகுளூடைடும் சிறுநீரகத்துக்கு நல்லது என்று தெரிந்தது. டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை இந்தியாவில் 2020இல் முடிந்தது, எம்பாகிளிஃப்ளோசினுக்கு 2025இல். விலை வெகுவாக இறங்கிவிட்டது. நடுத்தரக் குடும்பம் எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இன்று நல்ல மருந்து இருக்கிறது. என்னிடம் படுத்திருந்த எத்தனையோ பேர் காலத்தில் இது இல்லை.

பேருந்து நிலைய வாசலில் பூக்கட்டி விற்ற ஓர் அம்மாளின் கதையைக் கேளுங்கள். அவர் என்னைவிட மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஆரம்ப சுகாதார நிலைய முகாமில் அவருக்கு ஆல்புமின் கசிவு கண்டுபிடித்து எனாலாபிரில் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் வறட்டு இருமல் வந்துவிட்டது. அந்த மருந்து சிலருக்கு அப்படிச் செய்யும். "ராத்திரியெல்லாம் இருமல் சிஸ்டர், பக்கத்து வீட்டுக்காரங்க மாத்திரையைத் தூக்கிப் போடுங்குறாங்க" என்று வந்து நின்றார். "போட்டுறாதீங்கக்கா, டாக்டர்கிட்டச் சொன்னா மாத்திக் குடுப்பாங்க" என்று அழைத்துப்போனேன். லோசார்டானுக்கு மாற்றினார்கள், இருமல் நின்றது. அதன் பிறகு நூல்கண்டு வைக்கும் டப்பாவிலேயே மாத்திரை அட்டையையும் போட்டுக்கொண்டார். காலையில் முதல் முழம் கட்டும் முன் மாத்திரை. ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீர். நான் ஓய்வு பெறும் வரை அவர் பூ விற்றுக்கொண்டிருந்தார். கிரியேட்டினின் ஏறவே இல்லை.

அவர் படித்தவர் இல்லை, வசதியும் இல்லை. மருந்து ஒத்துக்கொள்ளாதபோது மருந்தை விடாமல் மருத்துவரைத் தேடி வந்தார் என்பதே அவரைக் காப்பாற்றியது. இந்த வகை மாத்திரைகளைத் தொடங்கியதும் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறுவதுண்டு. முப்பது சதவீதம் வரை ஏறுவதை மருத்துவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். இரண்டு வாரத்தில் பொட்டாசியமும் சேர்த்துப் பார்ப்பார்கள். அதைக் கண்டு நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று நீர்ச்சத்து குறையும் நாளில் இவற்றையும் புதிய கிளிஃப்ளோசின்களையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டிவரும். அன்றைக்கு மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். கர்ப்பம் தரிக்க நினைக்கும் பெண்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எனாலாபிரில், லோசார்டான் வகை கருவுக்கு ஆகாது.

ரத்த அழுத்தம் 130/80க்குக் கீழே, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7ஐ ஒட்டி. பெரும்பாலோருக்கு இதுவே இலக்கு. வயதானவர்களுக்கும் சர்க்கரை அடிக்கடி தாழ்ந்துவிடுகிறவர்களுக்கும் மருத்துவர் சற்றுத் தளர்த்துவார். புகைப்பவர்கள் அதை விட்டே ஆக வேண்டும்.

மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் சில்லறைக்கு வாங்கும் மாத்திரை எத்தனை சிறுநீரகங்களைத் தின்றது என்று எழுதினால் ஏடு போதாது. ஒரு கொத்தனார், சர்க்கரையும் உண்டு. சாரத்தில் ஏறி இறங்கி முட்டி தேய்ந்துவிட்டது. டைக்ளோஃபெனாக்கை வேர்க்கடலைபோல் மடியில் கட்டிக்கொண்டு திரிந்தார். வேலையும் நடந்தது, கூலியும் வந்தது, வலியும் அடங்கியது. அடங்காமல் போனது சிறுநீரகச் சிதைவு ஒன்றுதான். அது தெரிய நாலைந்து ஆண்டு ஆயிற்று. வலியைத் தாங்கி உழைத்த அவருடைய நல்ல குணத்தையே அந்த மாத்திரை ஆயுதமாக்கிக்கொண்டது. சர்க்கரை உள்ளவர்கள் வலி மாத்திரையைத் தாமாக வாங்கக் கூடாது. ஸ்கேனுக்கு முன் சாயமருந்து ஏற்றுவார்கள் என்றால் கிரியேட்டினினைச் சொல்லிவிட வேண்டும். பெயரும் சேர்மானமும் இல்லாத பொட்டலப் பொடிகளில் ஈயமும் பாதரசமும் கலந்திருக்கக்கூடும். சித்த மருத்துவத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் படித்துப் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் போங்கள், விளம்பரத்திடம் போகாதீர்கள்.

சாப்பாட்டில் முதல் எதிரி உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, வத்தல், கடைப் பலகாரம் ஆகியவற்றில் அந்த அளவு எங்கோ போய்விடும். சோடியம் குறைந்த உப்பு என்று விற்கிறார்களே, அதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். இளநீரும் வாழைப்பழமும் சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு அமிர்தம். பொட்டாசியம் ஏறியவர்களுக்கு ஆகாது. நட்சத்திரப் பழத்தைச் சிறுநீரக நோயாளிகள் தொடவே கூடாது. ஆனால் நோயே வராதவர்களும் ஆரம்ப நிலையில் இருப்பவர்களும் பயந்துகொண்டு பழத்தையும் பருப்பையும் ஒதுக்கிப் பட்டினி கிடப்பதையும் பார்த்திருக்கிறேன். யாருக்கு எது என்பதை அவரவர் ரத்தப் பரிசோதனை சொல்லட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் நோய் முற்றிவிட்டால்? அப்போதும் வாழ்க்கை முடிந்துவிடுவதில்லை. ஆனால் அதற்கும் முன்கூட்டியே ஆயத்தம் வேண்டும். டயாலிசிஸ் தேவைப்படும் என்று தெரிந்த உடனே, பழகாத கையில் ஃபிஸ்டுலா போட்டுக்கொள்வது நல்லது. சிரையையும் தமனியையும் இணைக்கும் சிறிய அறுவை அது. முதிர்ந்து பயன்பட ஆறு முதல் எட்டு வாரங்களாவது ஆகும். அந்தக் கையில் விரல் வைத்தால் ரத்தம் ஓடும் அதிர்வு தெரியும். அதில் ரத்த அழுத்தம் பார்க்கவோ ஊசி குத்தவோ யாரையும் விடக்கூடாது. தள்ளிப்போட்டவர்கள்தான் அவசரத்தில் கழுத்துக் குழாயோடு கிடந்து தொற்றுக்கு ஆளானார்கள்.

செல்போன் கடையில் வேலை பார்த்த இளைஞன் ஒருவன் என்னிடம் டயாலிசிஸுக்கு வந்தான். சிறு வயதிலேயே சர்க்கரை. முதல் சில மாதங்கள் ஒவ்வொரு முறையும் நாலு கிலோ நீர் ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு வருவான். பிறகு தானே ஒரு வழி கண்டான். காலையில் ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பி வைப்பான். தண்ணீர் அதிலிருந்துதான். காபி குடித்தால், அதே டம்ளர் அளவுக்குப் பாட்டிலிலிருந்து தண்ணீரைக் கீழே ஊற்றிவிடுவான். மோர், குழம்பு, எல்லாவற்றுக்கும் அதே கணக்கு. பாட்டில் காலியானால் மறுநாள் காலைதான். எடை ஒன்றரை, இரண்டு கிலோவுக்குள் நின்றது. மகனுக்குத் தன் சிறுநீரகத்தைத் தருவதாக அவன் தாய் டாக்டர் முன்னால் நின்று கேட்டார். அவருக்கும் சர்க்கரை இருந்ததால் முடியாது என்றார்கள். அந்தத் தாயின் முகத்தை நான் சொல்லப்போவதில்லை. ஒரு வீட்டில் சர்க்கரை பரவினால் தானம் தருவதற்கும் ஆள் இல்லாமல் போகிறது என்பதை மட்டும் எண்ணிப் பாருங்கள்.

நம் நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1971இல் வேலூர் சி.எம்.சி.யில் நடந்தது. 2008 முதல் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைத் தானமாகப் பெறும் திட்டம் தமிழ்நாட்டில் முறையாக நடக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் டயாலிசிஸுக்குக் கைகொடுக்கிறது. வயிற்றின் வழியே வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸும் உண்டு. எல்லாம் நல்ல ஏற்பாடுகள். ஆனால் காத்திருப்போர் பட்டியல் நீளம். அந்த இளைஞனும் அதில் பெயர் எழுதிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தான்.

பிள்ளைகளே, உங்கள் வீட்டில் ஒரு மருத்துவக் கோப்பு இருக்கும். அதை எடுத்துப் பாருங்கள். சர்க்கரை அளவுச் சீட்டுகள் கத்தையாக இருக்கும். யூரின் ஏசிஆர் சீட்டு ஒன்றாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் இந்த வாரத்துக்குள் அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு போய் அதையும் கிரியேட்டினினையும் எடுத்துவிடுங்கள். உங்களுக்குச் சர்க்கரை இருந்தால் உங்களுடையதையும் சேர்த்துக் கொடுங்கள். வந்த எண்ணைத் தேதியோடு கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி வைத்து, அடுத்த ஆண்டு அதே மாதத்தில் மறுபடி போங்கள்.